மஃரிபுக்கு அப்புறம் எதுவும் வெளிய போகாத வீடு

ஒரு ஊர்ல ஒரு கதவு இருந்துச்சாம். ம் சொல்லு. நீ ம் சொல்லலைன்னா நான் சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவேன், அப்புறம் கதையும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

ராசா ராணி இல்லையான்னு கேக்காத. ராசா கதை வேணும்னா உங்க வாப்பாகிட்ட போய்க் கேளு. இது கதவு கதை. கடலோரத்துல ஒரு ஊரு. அங்க ரெண்டு வீடு ஒட்டுனாப்புல இருந்துச்சு, நடுவுல ஒரு மதிலு, அந்த மதில்ல ஒரு சின்னக் கதவு. அந்த ஊரு வீடெல்லாம் அப்படித்தான் கட்டுவாங்க. பொம்பளைங்க தெருவுல இறங்காமலே இந்தக் கொல்லையில இருந்து அந்தக் கொல்லைக்குப் போய் வந்துக்கலாம். குனிஞ்சு போகணும். தொறந்தா கிர்ர்ரீச்னு கத்தும். அது வழியா கிண்ணத்துல மீன் ஆனம் போகும், உப்பு போகும், ஊசி போகும், ஊரு வம்பெல்லாம் போகும், திரும்பியும் வரும்.

கதவுக்கு இந்தப் பக்கம் பெரிய வீடு. அதுல செய்னம்பு மாமின்னு ஒருத்தி. அவளுக்குத் தென்னந்தோப்பு இருந்துச்சு, பத்தாயம் நிறைய நெல்லு இருந்துச்சு, இடுப்புல ஒரு சாவிக்கொத்து இருந்துச்சு. நடந்தா சலக்கு சலக்குன்னு சத்தம் வரும். வீட்டுக்காரர் மவுத்தாகி ரொம்ப நாளாச்சு. ஒரே மக, மைமூன். கல்யாணம் ஆனாலும் அந்த ஊர்ல மக உம்மா வீட்டுலதான் இருப்பா. மருமகன் கடல் தாண்டி சபர் போயி கொழும்புல கடை வச்சிருந்தார்.

அந்தப் பக்கம் சின்ன வீடு. அதுல பல்கீஸ்னு ஒருத்தி, இடியப்பம் அவிச்சு விக்கிறவ. அவ புருஷன் சாலிஹு தோணிக்குப் போறவன். கடல் குடுத்தா சாப்பாடு, குடுக்கலைன்னா கஞ்சி. ஆனா அந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் மட்டும் எந்நேரமும் கேக்கும். செய்னம்பு மாமிக்கு அதுதான் பிடிக்காது. ஒண்ணுமில்லாதவளுக்கு என்ன சிரிப்புன்னு கேப்பா.

இந்த மாமி வாயில எந்நேரமும் ஒரு பேச்சு இருந்துச்சு. என்ன பேச்சு? "எல்லாம் எழுதினபடிதான் நடக்கும்." நல்ல பேச்சுதான். அல்லாஹ் எழுதினதை நம்புறது ஈமான்ல ஒண்ணு. உனக்கும் உங்க ஹஜ்ரத் சொல்லிக் குடுத்திருப்பாருல்ல. ம். ஆனா இவ அதை எப்போ சொல்லுவான்னு கேளு. பல்கீஸ் வீட்டு ஓலை காத்துல பறந்துச்சா, எழுதினபடி நடந்திருக்கு, பொறுத்துக்க புள்ளம்பா. சாலிஹுவோட தோணி பாறையில மோதி உடைஞ்சுச்சா, தக்தீர், தலையெழுத்து, யாரு என்ன பண்ண முடியும்பா. அப்போ இவ தோப்புத் தேங்காய் ஒண்ணு பல்கீஸ் கொல்லையில தொப்புன்னு விழுந்துச்சுன்னு வச்சுக்க, அதை எழுதினவன் யாருன்னு அவளுக்கு ஞாபகமே வராது. சலக்கு சலக்கு சலக்குன்னு ஓடி வந்து எடுத்துட்டுப் போயிருவா. அடுத்தவ வீட்டுக்கு எழுத்து, தன் வீட்டுக்குப் பூட்டு. அவ மார்க்கம் அவ்வளவுதான்.

சரி, அப்புறம் கேளு. மைமூனுக்கு ரொம்ப வருஷமா பிள்ளை இல்லை. துஆ கேட்டு கேட்டு, அழுது அழுது, கடைசியில ஒரு நாள் அல்லாஹ் கண்ணைத் தொறந்தான். மைமூன் உண்டானா. அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லு. ம். மாமியும் சொன்னா. தெருவுக்கே சீனி குடுத்தா, ரெண்டு விரல்ல எடுத்து எடுத்துக் குடுத்தா, எறும்புக்கு வைக்கிற மாதிரி. மருமகன் கொழும்புல இருந்து ஒரு புட்டி தேன் அனுப்பி வச்சார். பிள்ளை பிறந்ததும் வாயில தொட்டு வைக்கிறதுக்கு. மாமி அதைப் பெட்டிக்குள்ள வச்சா, பெட்டியைப் பூட்டுனா, பூட்டை இழுத்துப் பாத்தா, திரும்பவும் இழுத்துப் பாத்தா.

அன்னையில இருந்து பிடிச்சுச்சு அவளுக்குப் பயம். ராத்திரி பகல் ஒரே நினைப்பு. இவ்வளவு வருஷம் கழிச்சு நம்ம வீட்டுக்கு அல்லாஹ் குடுத்த ஒரு பரக்கத் வந்திருக்கு, அது எந்தச் சந்து வழியா ஓடிப் போயிருமோ? மைமூன் வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆயிருமோ? அந்தப் பயத்தை நான் குத்தம் சொல்ல மாட்டேன். பிள்ளை விஷயத்துல யாருக்கும் பயம் இருக்கும். பயந்தவ என்ன பண்ணணும்? கையேந்தணும். அந்தக் கையாலயே நாலு பேருக்குக் குடுக்கணும். இவ கையை மூடிக்கிட்டா.

பெரியவங்க ஒரு பழக்கம் சொல்லி வச்சிருக்காங்கல்ல? பொழுது அடையிற மஃரிப் நேரம் பிள்ளைகளை வெளிய விடாதீங்க, பிஸ்மி சொல்லிக் கதவைச் சாத்துங்க, பாத்திரத்தை மூடி வைங்கன்னு. நல்ல பழக்கம். இருட்டுல பூச்சி பொட்டு இருக்கும். அதுக்கு மேல யாரோ ஒருத்தி, மஃரிபுக்கு அப்புறம் வீட்டுல இருந்து ஒரு சாமானை வெளிய குடுத்தா அதோட சேந்து பரக்கத்தும் போயிரும்னு ஒரு வாலு ஒட்டி வச்சா. மாமி தலையை விட்டுட்டு அந்த வாலைப் பிடிச்சுக்கிட்டா.

அப்போ ஒரு நாள் சாயங்காலம், பாங்கு சொல்லி முடிஞ்ச நேரம், கிர்ர்ரீச். சின்னக் கதவு தொறந்துச்சு. பல்கீஸ் கையில ஒரு கொட்டாங்கச்சி. காலையில இடியப்பத்துக்கு மாவு பிசையணும், உப்பு தீந்து போச்சு, ஒரு கை உப்பு வேணும்னா. எத்தனையோ வருஷமா அந்தக் கதவு வழியா உப்பு போயிருக்கு, வந்திருக்கு, யாரும் அளந்ததில்லை. மாமி உப்பு ஜாடியைப் பாத்தா. மைமூன் வயித்தைப் பாத்தா. உப்பு ஜாடிக்கும் வயித்துக்கும் ஏதோ குழாய் போட்டு வச்ச மாதிரி, இது குறைஞ்சா அது குறையும்னு அவளுக்குத் தோணிருச்சு. மஃரிப் ஆயிருச்சேன்னா. இன்னைக்கு உனக்கு உப்பில்லைன்னு எழுதியிருக்கு புள்ள, நான் என்ன பண்ணட்டும்னா.

பல்கீஸ் கொட்டாங்கச்சியைக் கவுத்துக்கிட்டுப் போயிட்டா. மறுநாள் இடியப்பம் சப்புன்னு இருந்துச்சு. ஊரே மூஞ்சியைச் சுளிச்சுச்சு. அவ எல்லாத்தையும் திரும்பச் சுமந்துக்கிட்டு வந்து பிள்ளைகளுக்குப் போட்டா. அந்தப் பக்கம் இருந்து அன்னைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு, மாமிக்கு ஆத்திரமா வந்துச்சு.

தூங்கிட்டியா? ம் சொல்லு. சரி.

அப்புறம் மாமி யோசிச்சா. மஃரிபுக்கு அப்புறம் குடுக்காததுக்கே வீடு இப்படி நிம்மதியா இருக்கே, அதுக்கு முந்துன தொழுகை, அஸர்ல இருந்தே குடுக்காம இருந்தா இன்னும் நல்லதாச்சேன்னு. புத்தி எப்படிப் போகுது பாரு. அவளுக்கு யாரும் சொல்லலை, எந்தக் கிதாபுலயும் இல்லை, அவளே சட்டம் போட்டா, அவளே தலையாட்டிக்கிட்டா.

அப்போ ஒரு நாள் வெயில் சாயிற நேரம், திரும்பவும் கிர்ர்ரீச். பல்கீஸோட சின்னப் பிள்ளைக்கு வயித்து வலி, துடியா துடிக்குது, ஒரு சிட்டிகை ஓமம் வேணும்னா. மாமி வீட்டுல ஓமம் டப்பா நிறைய இருந்துச்சு. மூடியைத் தொறந்தாலே வாசம் தெருவுக்குப் போகும். மாமி மூடியைத் தொறக்கலை. அஸர் ஆயிருச்சு பல்கீஸுன்னா. பிள்ளைக்கு வலின்னு எழுதியிருந்தா வலிச்சுத்தான் தீரும், பொறுமையா இருன்னா.

பல்கீஸ் அன்னைக்குச் சிரிக்கலை. கதவுல கையை வச்சுக்கிட்டு நின்னா. "மாமி, எழுதினது எழுதினபடிதான் நடக்கும்னு நீங்களே சொல்றீங்க. அப்போ உங்க வீட்டுக்கு எழுதினதை ஒரு சிட்டிகை ஓமம் வந்து அழிச்சிருமா?"

பதில் வராதவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? சுத்தியலைத் தேடுவாங்க. பலகை எடுத்தா, ஆணி எடுத்தா, சின்னக் கதவுக்குக் குறுக்கால வச்சு டொக்கு டொக்கு டொக்குன்னு அடிச்சா. ஒரு அடி கட்டைவிரல்லயும் விழுந்துச்சு. வேணும் அவளுக்கு. மைமூன் பக்கத்துல நின்னு, உம்மா வேணாம்மா, அந்தப் பிள்ளை அழுறது இங்க வரைக்கும் கேக்குதுன்னு கெஞ்சுனா. மாமி காதுலயே போட்டுக்கலை. நீ வயித்துப் பிள்ளைக்காரி, போயி படுன்னா. அன்னைக்கு ஓமம் எடுத்துக் குடுத்தது தெருக்கோடி மருத்துவச்சி ராவியத்தும்மா. பல்கீஸ் வெயில்ல முட்டாக்கைப் போட்டுக்கிட்டு அவ்வளவு தூரம் ஓடிப் போயி வாங்கிட்டு வந்தா.

இப்போ மூணாவது. இதைக் கேட்டா நீ சிரிப்ப. ஒரு வியாழக்கிழமை தெருவுல டப் டப் டப், டப்பா டப் டப்புன்னு சத்தம். தப்ஸ் அடிச்சுக்கிட்டு ஒரு பக்கீர்சா வந்தார். பச்சைத் தலைப்பா, தோள்ல ஜோல்னா, கையில சாம்பிராணிச் சட்டி. வீடு வீடா நின்னு, இந்த வீட்டுக்கு பரக்கத் உண்டாகட்டும்னு துஆ ஓதுவார். வீட்டுக்காரங்க ஒரு பிடி அரிசி போடுவாங்க. மாமிக்கு துஆ வேணும். அதுவும் மைமூனுக்கு மாசம் நெருங்குது, ரொம்ப வேணும். ஆனா அரிசி வெளிய போகக் கூடாது. அப்போ அவளுக்கு அஸர் கணக்கெல்லாம் போயி, விடியக்காலை ஃபஜ்ர்ல இருந்தே எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு ஆயிருச்சு.

என்ன பண்ணுனா தெரியுமா? வாசக் கதவைத் தொறக்காம, ஜன்னல் கம்பியில மூக்கை வச்சுக்கிட்டு, பாவா, அங்கிருந்தே ஓதுங்க, சாம்பிராணிப் புகையை மட்டும் இந்தப் பக்கம் ஊதி விடுங்க, குடுக்கத்தான் ஒண்ணும் முடியாது, எங்க வீட்டுல வெளிய குடுக்குற வழக்கம் இல்லைன்னா. ஜன்னல் வழியா பரக்கத் வேணுமாம் அவளுக்கு. மூக்கு மட்டும் வாங்கும், கை குடுக்காது.

பக்கீர்சா தப்ஸை நிறுத்துனார். ஜன்னல்ல தெரிஞ்ச மூக்கை ஒரு தடவை நல்லாப் பாத்தார். அப்புறம் கையை உயர்த்தி துஆ கேட்டார். "யா அல்லாஹ், இந்த அம்மா ஆசைப்பட்டபடியே இந்த வீட்டுல இருந்து எதுவும் வெளிய போகாம இருக்கட்டும்." மாமி உள்ள இருந்து சந்தோஷமா ஆமீன்னா. சத்தமா வேற சொன்னா. அவர் டப் டப்புன்னு அடிச்சுக்கிட்டு பல்கீஸ் வாசலுக்குப் போனார். அவ நேத்து விக்காம மிஞ்சுன இடியப்பத்தைச் சூடு பண்ணி, தேங்காய்ப்பால் ஊத்தி, அவரை உக்கார வச்சு சாப்பிட வச்சா.

ஆமீன் சொன்ன வாய் சும்மா இருக்குமா? துஆ கபூலாச்சு, கேட்டது அப்படியே கிடைச்சுச்சு. எதுவும் வெளிய போகலை. அப்போ குப்பை? குப்பையும் வீட்டுல இருந்து போறதுதானேன்னு மாமிக்குத் தோணிருச்சு. கூட்டி கூட்டி மூலையில குவிச்சா. அடுப்புச் சாம்பல் அடுப்பு உயரத்துக்கு வந்துச்சு. மீன் செதிலு, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய் நாரு, எல்லாம் கொல்லையில கிடந்து நாறுச்சு. ஈ ஙொய்ய்ய்னு பறந்துச்சு. பத்தாயத்துக்கு அடியில எலி கறுக்கு முறுக்கு, கறுக்கு முறுக்கு. நெல்லை யாருக்கும் குடுக்காதவ எலிக்குக் குடுத்தா, அதுவும் கணக்கில்லாம. எலி வெளிய எடுத்துட்டுப் போகலையே, உள்ள இருந்துதானே தின்னுச்சு, அதனால அவ சட்டத்துல அது குத்தமில்லை.

நாலு மூலைக்கும் ஓதுன தண்ணி தெளிச்சா. வாசல்ல தாயத்து, நடையில தாயத்து, பூட்டுலயும் ஒரு தாயத்து. ஓதுறது நல்லது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். வானத்துல இருந்து மலக்குமாருங்க இறங்கி வருவாங்கன்னுதான் ஓதுறது. அவங்க வந்து எங்க நிப்பாங்க, அந்த மீன் செதிலு மேலயா? மைமூன் மூக்கைப் பொத்திக்கிட்டு அழுதா. மாமி சொன்னா, பாரு புள்ள, வீடு எப்படி நிறைஞ்சு கிடக்குன்னு. நிறைஞ்சுதான் கிடந்துச்சு.

ம் சொல்லு. இனிமே தூங்காத, இதுதான் முக்கியம்.

ஒரு நாள் மஃரிப் பாங்கு சொல்றாங்க. அல்லாஹு அக்பர்னு முதல் சத்தம் வருது, மைமூன் தூணைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. இடுப்பு வலி. உம்மா, மருத்துவச்சியைக் கூப்பிடுங்கம்மான்னா. மாமி சலக்கு சலக்குன்னு வாசலுக்கு ஓடுனா. பூட்டுல சாவியைப் போட்டா. போட்டவ அப்படியே நின்னா.

வெளிய போகணும்னா யாரு போறது? வீட்டுல ரெண்டே பேரு. தான் வெளிய போனா, வீட்டுல இருந்து ஒண்ணு வெளிய போனதா ஆயிருமே. அதுவும் மஃரிப் நேரம். அதுவும் பிள்ளை வர்ற நேரம். இவ்வளவு நாள் ஒரு கல்லு உப்பு போக விடாம காத்த பரக்கத், இன்னைக்குத் தன் காலோடயே ஒட்டிக்கிட்டுப் போயிருச்சுன்னா? நிஜமாவே அவ அதைத்தான் நினைச்சா. அந்தப் பிள்ளைக்குப் பயந்துக்கிட்டே அந்தப் பிள்ளைக்கு வேண்டியதைச் செய்யாம நின்னா. முட்டாள்தனம்னா எப்படி இருக்கும்னு யாராவது உன்னைக் கேட்டா, பூட்டுல சாவியைப் போட்டுட்டுத் திருப்பாம நின்னாளே, அதைச் சொல்லு.

சாவியை உருவிக்கிட்டுத் திரும்பி வந்தா. தலைப்பிள்ளை, அவ்வளவு சீக்கிரம் வராது, ஃபஜ்ர் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்க, விடிஞ்சதும் கூட்டிட்டு வர்றேன், எழுதின நேரத்துலதான் பிறக்கும்னா. கேட்டியா? அடுத்தவளுக்குச் சொல்லிக்கிட்டு இருந்ததைப் பெத்த மககிட்டயே சொல்லிட்டா.

மைமூன் அவளைப் பாத்தா. வலியில வேர்த்துக் கொட்டுது. "உம்மா, எழுதினவன் நம்ம வீட்டுக்குக் கதவும் குடுத்தான். நீங்கதான் ஆணி அடிச்சீங்க."

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு எந்திரிச்சா. சுவத்தைப் பிடிச்சு பிடிச்சுக் கொல்லைக்கு நடந்தா. குப்பையைத் தாண்டி, சாம்பலைத் தாண்டி, சின்னக் கதவுகிட்ட போயி, ஆணி அடிச்ச பலகையில உள்ளங்கையால தட்டுனா. டப், டப், டப். பல்கீஸ் ராத்தா, பல்கீஸ் ராத்தான்னு கூப்பிட்டா.

அந்தப் பக்கம் பல்கீஸ் தொழுதுட்டு முசல்லாவை மடிச்சுக்கிட்டு இருந்தா. உப்பு கேட்டப்ப இவங்க என்ன சொன்னாங்கன்னு அவ யோசிச்சாளா? ஓமத்துக்கு என்ன சொன்னாங்கன்னு யோசிச்சாளா? யோசிச்சிருந்தாலும் யாரு குத்தம் சொல்ல முடியும். அவ யோசிக்கலை. ஒரு பிள்ளையை மருத்துவச்சி வீட்டுக்கு ஓட விட்டா, புருஷனைக் கூப்பிட்டா. சாலிஹு கடப்பாரையை எடுத்துட்டு வந்து, தள்ளி நில்லும்மான்னு குரல் குடுத்துட்டு, ஒரு நெம்பு நெம்புனான். பட். இன்னொரு நெம்பு. படார். பலகை தெறிச்சுக் குப்பை மேல விழுந்துச்சு, எலியெல்லாம் கீச்கீச்னு ஓடுச்சு. உடனே அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டு வாசப் பக்கம் போயிட்டான்.

அதுக்குள்ள ராவியத்தும்மா வந்துட்டா. கதவு வழியா குனிஞ்சு எட்டிப் பாத்தா. மாமி வீட்டுக் கொல்லையைப் பாத்தா. முந்தானையை மூக்குல வச்சா. இந்த வீட்டுல பிள்ளை பிறந்தா எலிதான் வந்து பேரு வைக்கும், தூக்குங்க அவளை இந்தப் பக்கம்னா. பல்கீஸ் ஒரு தோளு, ராவியத்தும்மா ஒரு தோளு. மைமூன் குனிஞ்சு கதவைத் தாண்டுனா.

மாமி தன் கொல்லையிலயே நின்னா. ஒரு அடி எடுத்து வச்சா கதவு, அதைத் தாண்டுனா மக. காலைத் தூக்குனா, வச்சா. தூக்குனா, வச்சா. தாண்ட முடியலை அவளால. யாரும் பிடிக்கலை, யாரும் தடுக்கலை. அவ போட்ட சட்டம்தான் அவ காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. காலுக்குக் கீழ சாம்பல், தலைக்கு மேல ஈ, இடுப்புல அத்தனை சாவி. அந்தப் பக்கம் மக கத்துறா, இந்தப் பக்கம் இவ அழுறா. அப்போதான் அவளுக்கு வாய் தொறந்துச்சு. தாயத்தைத் தேடலை, தண்ணியைத் தேடலை. யா அல்லாஹ், என் மக, என் மகன்னு சொன்னா. வேற ஒண்ணும் சொல்லத் தெரியலை. அத்தனை மாசத்துல அவ கேட்ட உருப்படியான துஆ அது ஒண்ணுதான்.

அப்போ, ங்ஙா.

கேட்டுச்சா? ங்ஙா, ங்ஙா. பொம்பளைப் பிள்ளை. எங்க பிறந்துச்சு? ஒரு கல்லு உப்பும் வெளிய போகாத பெரிய வீட்டுலயா? இல்லை. உப்பில்லாத இடியப்பம் அவிச்ச வீட்டுல, கோரைப்பாயில. அது எங்க பிறக்கணும்னு எழுதியிருந்துச்சோ அங்க பிறந்துச்சு. மாமியோட பூட்டையும் கேக்கலை, ஆணியையும் கேக்கலை. சாலிஹு கையைக் கழுவி, ஒளு செஞ்சுட்டு வந்து, அந்தப் பிள்ளை காதுல பாங்கு சொன்னான். வாப்பா ஊர்ல இல்லைல்ல, அதனால.

அப்புறம் வாயில தேன் தொட்டு வைக்கணும். பல்கீஸ் வீட்டுல தேன் ஏது? அவ கதவுகிட்ட வந்து குனிஞ்சா. மாமி, பிள்ளை வாயில தொட்டு வைக்க ஒரு சொட்டு தேன் வேணும், உங்க வீட்டுல இருக்குல்லன்னா.

இப்போ கேளு. அத்தனை அழுதவதானே? அத்தனை துஆ கேட்டவதானே? அந்த வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா? "மஃரிபுக்கு அப்புறம்..."

பாதியில நின்னுருச்சு. பழக்கம் அப்படி. நாக்கு தானா சொல்லிருச்சு. அவ சத்தம் அவளுக்கே கேட்டுச்சு. அந்தப் பக்கம் தெருப் பொம்பளைங்க நாலு பேரு கூடியிருந்தாங்க, எல்லாரும் கேட்டாங்க. பிள்ளையும் ங்ஙான்னுச்சு. மாமி முகம் செத்துப் போச்சு. வெக்கம்னா என்னன்னு அத்தனை வயசுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு அவளுக்கு.

ஓடுனா. சலக்கு சலக்கு சலக்கு. பெட்டியைத் தொறக்க எந்தச் சாவின்னு தெரியலை, இது இல்லை, இதுவும் இல்லை, இதுவும் இல்லை. கடைசியில தொறந்து தேன் புட்டியை எடுத்தா. வர்ற வழியில அடுப்படியில உப்பு ஜாடியையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டா. ஓமம் டப்பாவையும் எடுத்துக்கிட்டா. மூணையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, பிஸ்மின்னு சொல்லி, குனிஞ்சு, கதவைத் தாண்டுனா. தாண்டும்போது நிலையில தலை ணங்குன்னு இடிச்சுச்சு. இடிக்கட்டும்.

என்னது? கூரை விழுந்துச்சான்னு கேக்குறியா? ஒண்ணும் விழலை. வீடு அங்கேயே நின்னுச்சு. குப்பைதான் நாறிக்கிட்டு இருந்துச்சு.

பிள்ளை வாயில விரலால ஒரு சொட்டு தேன் வச்சா. அது சப்புக் கொட்டுச்சு. ச்சப், ச்சப். மாமி அழுதா. மைமூன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. பல்கீஸைப் பாத்து மன்னிச்சுக்க புள்ளன்னு கேட்டா. பல்கீஸ் உப்பு ஜாடியை வாங்கி அடுப்படியில வச்சுட்டு, சோறு போட்டா. உப்பு போட்ட சோறு.

சாப்பிட்டு முடிச்சதும் மாமிக்கு ஆசை வந்துருச்சு. பேத்தியை அப்படியே துணியில சுத்தி மார்போட அணைச்சுக்கிட்டு, நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன், என் வீட்டு பரக்கத்துன்னு எந்திரிச்சா. அப்போ பல்கீஸ் கதவுகிட்ட போயி குறுக்கால நின்னுக்கிட்டா. அவ முகத்துல சிரிப்பே இல்லை, உதட்டை அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருந்தா.

"மஃரிப் ஆயிருச்சே மாமி. இனிமே எங்க வீட்டுல இருந்து எதையும் வெளிய குடுக்க மாட்டோம்."

ராவியத்தும்மா சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு, வாயில இருந்த புகையிலைத் தூள் புரையேறிப் போச்சு. வலியில கிடந்த மைமூனும் சிரிச்சா. மாமி எதை வச்சுச் சண்டை போடுவா? அவ சட்டம்தானே அது. பேசாம பிள்ளையை மைமூன் பக்கத்துல படுக்க வச்சுட்டு, பல்கீஸ் விரிச்சுப் போட்ட கிழிஞ்ச பாயில, வாசல்ல தாயத்து இல்லாத வீட்டுல, சாவிக்கொத்து இடுப்புல குத்த குத்த விடியிற வரைக்கும் படுத்துக் கிடந்தா. பிள்ளை நல்லாத் தூங்குச்சு.

விடிஞ்சதும் முதல் வேலையா விளக்குமாறை எடுத்தா. குப்பை போச்சு, சாம்பல் போச்சு, எலியெல்லாம் மூட்டையைக் கட்டிக்கிட்டு வேற கஞ்சன் வீட்டைத் தேடிப் போச்சு. பல்கீஸ் வந்து கூடமாட அள்ளிப் போட்டா. வீடு வாசமாகித்தான் பிள்ளை அந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, சின்னக் கதவு வழியா.

அப்புறம் அவ திருந்துனாளான்னு கேக்குறியா? அவளா? மஃரிப் நேரம் யாராவது வந்து கேட்டா மூஞ்சி இன்னும் கொஞ்சம் கோணத்தான் செய்யும். எழுதினபடின்னு ஒரு நாள் பல்கீஸ்கிட்ட ஆரம்பிச்சா, மடியில இருந்த பேத்தி அந்த நேரம் பாத்து ங்ஙான்னுச்சு, வாயை மூடிக்கிட்டா. ஆனா மூஞ்சி கோணினாலும் கை குடுத்துரும். ஆணி அடிச்ச பலகையை சாலிஹு எடுத்துட்டுப் போயி அவன் தோணிக்கு ஒட்டுப் போட்டான். சின்னக் கதவுக்கு அதுக்கு அப்புறம் தாழ்ப்பாளே கிடையாது. கிர்ர்ரீச்னு உப்பு போகும், கிர்ர்ரீச்னு இடியப்பம் வரும்.

அவ்வளவுதான். கதவு சாத்தியாச்சு, கதை தீந்துச்சு. மஃரிப் போயி இஷாவும் போச்சு, இந்த இருட்டுல ஒரு முழுக் கதையைத் தூக்கி உனக்குக் குடுத்துட்டேன், பாரு, எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகலை. பிஸ்மி சொல்லிட்டுக் கண்ணை மூடு.

ம்?

தூங்கிருச்சு.